ஆசிரிய மாணவருக்குக் கல்வித் தொழினுட்பம்: 30 மணித்தியாலத்துக்குள் எதை வைப்பது, எதை விடுவது?

கனகராயன்

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த தவணையில் 24 ஆசிரிய மாணவருக்குக் கல்வித் தொழினுட்பம் எடுக்க வேண்டும். கிழமைக்கு 2 மணித்தியாலப்படி 15 கிழமை, மொத்தம் 30 மணித்தியாலம். இருப்பது 12 கணினி, ஒரு மல்டிமீடியா (சுவரில் படம் விழுத்தும் மிசின்). போன் எல்லோரிடமும் இருக்கிறது. இணையம் வரும், போகும்.

முதல் இரண்டு வருடம் கல்வியியற் கல்லூரிக்குள் இருந்துவிட்டு மூன்றாம் வருடம் இவர்கள் கட்டுறு பயிலுநராக, அதாவது பயிற்சி ஆசிரியராக, பாடசாலைக்குப் போவார்கள். பலர் போகப்போவது இலங்கையின் வடக்கில் துணுக்காய், மடு, வவுனியா வடக்கு, முல்லைத்தீவு வலயங்களில் பிரதான வீதியை விட்டு உள்ளே இருக்கிற பாடசாலைகளுக்கு. அரைச்சுவர் வகுப்பறை, தகரக் கூரை, அறைக்கு ஒரு பிளக் பொயின்ற் இருந்தால் பெரிய விசயம். சில இடங்களில் இரண்டு மூன்று தரத்தை ஒருவரே சேர்த்து எடுக்க வேண்டிவரும்.

இதுவரை இருந்த ஒழுங்கு: முதலில் வேர்ட், எக்செல், பவர்பொயின்ற், பிறகு கட்புல செவிப்புல சாதன வகைகள், கடைசியில் கல்வித் தொழினுட்ப மாதிரிகளின் பெயர்களும் வரைபடங்களும். பரீட்சையில் எல்லோரும் நல்ல புள்ளி எடுக்கிறார்கள். கற்பித்தற் பயிற்சிக்குப் போனால், பாடநூல் பந்தியை வெட்டி ஒட்டிச் சுவரில் போட்டு வாசிக்கிறார்கள். கரும்பலகை செய்த வேலையைக் கரண்டில் செய்வதற்கு ஒரு பாடத் தொகுதி தேவையில்லை.

எதை எடுத்துவிடலாம்? 12 கணினியில் 24 பேரை எப்படிச் சமாளிப்பது? இணையம் இல்லாத பாடசாலையில் உண்மையில் எது வேலை செய்யும்? விபரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பாலியாறு

வேர்ட், எக்செல்லை முழுதாக எடுத்துவிடுங்கள். தெரியாதவருக்குத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்து ஒரு பின்னேரத்தில் காட்டிக் கொடுக்கலாம். மிச்சமாகும் நேரத்தில் 12 மணித்தியாலத்தை நுண்கற்பித்தலுக்குக் கொடுங்கள். ஆசிரியராக வரப்போகிறவருக்கு ஆகப் பெரிய உதவி செய்யும் கருவி, தான் படிப்பிப்பதைத் தானே பார்க்க வைக்கும் கமராதான். அது ஏற்கெனவே எல்லோருடைய பையிலும் இருக்கிறது.

முறை பழையது. 1960களின் தொடக்கத்தில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் டுவைட் அலனும் அவரோடு இருந்தவர்களும் உருவாக்கினார்கள். ஐந்தாறு பேருக்கு, சில நிமிடம், ஒரே ஒரு திறனை மட்டும் படிப்பித்துப் பழகுவது; பார்த்துத் திருத்தி அதையே திரும்பச் செய்வது. இந்தியாவின் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிச் சபை (என்.சி.ஈ.ஆர்.டி) இதற்கு ஒரு நேர ஒழுங்கு வகுத்தது: கற்பித்தல் 6 நிமிடம், பின்னூட்டல் 6, மீளத் திட்டமிடல் 12, மீளக் கற்பித்தல் 6, மீண்டும் பின்னூட்டல் 6. மொத்தம் 36 நிமிடம்.

கணக்கைப் பாருங்கள். 24 பேரும் வரிசையாகச் செய்தால் 14 மணித்தியாலம் 24 நிமிடம் போய்விடும், 18 பேர் சும்மா இருப்பார்கள். அதனால்தான் பல இடங்களில் இதைத் தொடங்கிவிட்டுக் கைவிடுகிறார்கள். ஆறு ஆறு பேராக நாலு குழு பிரித்து ஒரே நேரத்தில் ஓடவிடுங்கள். 2 மணித்தியால வகுப்பில் ஒவ்வொரு குழுவிலும் மூன்று பேர் முடிப்பார்கள்: 108 நிமிடம் போக 12 நிமிடம் கதிரை மாற்றவும் போன் வைக்கவும் போதும். அப்படியென்றால் ஒரு திறனுக்கு இரண்டு கிழமை, மூன்று திறனுக்கு ஆறு கிழமை. நாலு குழுவுக்கும் நாலு மூலை வேண்டும். ஒன்றை விறாந்தைக்கும் ஒன்றை மரத்தடிக்கும் அனுப்பினால் சத்தம் கலக்காது.

மூன்று திறனாக நான் சொல்வது: கேள்வி கேட்டுக் காத்திருத்தல், ஒரு எண்ணக்கருவை விளங்கப்படுத்தல், ஒரு பொருளையோ படத்தையோ காட்டிக் கதைக்க வைத்தல். முதலாவதை ஒருபோதும் விடாதீர்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரி ஒரு செக்கன் அளவுதான் காத்திருக்கிறார்கள், அதை 3 செக்கனாக்கினாலே பிள்ளைகளின் விடை நீளுகிறது, பேசாத பிள்ளையும் பேசுகிறது என்று மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் காட்டினார். இதை விரிவுரையில் சொன்னால் எல்லோரும் எழுதிக்கொள்வார்கள், ஒருவரும் மாறமாட்டார்கள். வீடியோவில் தன்னுடைய கேள்விக்குத் தானே விடை சொல்வதைக் காணும்போதுதான் உறைக்கும்.

பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை. போன் படுக்கைவாட்டில், 3 மீற்றருக்குள், இரண்டு செங்கல்லுக்கு நடுவில் இறுக்கி வைத்தால் முக்காலி தேவையில்லை. ஜன்னல் கமராவுக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஆசிரியருக்குப் பின்னால் ஜன்னல் வந்தால் முகம் கறுத்துப்போகும். விமானப் பயன்முறை போட வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் அழைப்பு வந்து பதிவு நின்றுவிடும். 1080இல் எடுத்தால் நிமிடத்துக்கு 130 எம்.பி. அளவு போகும், ஆறு நிமிடம் 780 எம்.பி. அதனால் 720இல் எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் தன்னுடைய பாடத்தைத் தன்னுடைய போனிலேயே எடுக்க வேண்டும். கோப்பு அவரிடமே இருக்கும், வட்ஸ்அப்பில் திரியாது.

பார்க்கும்போது வெறுமனே பார்த்தால் "குரல் நல்லா இருக்கு", "சேலை வடிவு" என்பதோடு முடிந்துவிடும். ஒருவர் 3 செக்கனுக்கு ஒரு குறி போட வேண்டும்: ஆசிரியர் பேசினால் ஆ, மாணவர் பேசினால் மா, மௌனம் என்றால் மௌ. ஆறு நிமிடத்துக்கு 120 குறி வரும். வகுப்பறைப் பேச்சைப் பிரித்துப் பார்க்க ஆய்வாளர் பிளாண்டர்ஸ் வகுத்த பத்து வகைப் பகுப்பாய்வைச் சுருக்கியது இது. பத்தையும் முதல் நாளே கொடுத்தால் குறி போடுவதிலேயே மூளை களைத்துவிடும். 120இல் 105 ஆ என்று வந்தால் வேறு விமர்சனம் தேவையில்லை. பின்னூட்டல் சொல்பவர் நேரத்தோடு சொல்ல வேண்டும்: "2 நிமிடம் 10இல் கேட்டீர்கள், 2 நிமிடம் 11இல் நீங்களே விடை சொன்னீர்கள்." படிப்பித்தவர் முதலில் தன்னைப் பற்றிச் சொன்ன பிறகே மற்றவர்கள் வாய் திறக்க வேண்டும்.

வழக்கமாகப் பிழைக்கும் இடம் ஒன்று: மாணவராக நடிக்கும் ஐந்து பேரும் சரியான விடையையே சொல்வார்கள். படிப்பிப்பவருக்குப் பிழையான விடையைக் கையாளும் பழக்கமே வராது. இரண்டு பேருக்கு இரகசியமாக ஒரு அட்டை கொடுங்கள். அதில் பிள்ளைகளிடம் உண்மையில் இருக்கும் தவறான எண்ணம் ஒன்று இருக்கட்டும். "பாரமான சாமான் எல்லாம் தண்ணியில தாழும்", "0.125, 0.5ஐ விடப் பெரிசு, இலக்கம் கூட" போன்றவை. அவர்கள் அந்த எண்ணத்தைச் சும்மா விட்டுக்கொடுக்கக் கூடாது.

நந்திக்கடல்

பாலியாறு சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் ஆசிரிய மாணவர்கள் எப்படியும் யூடியூப்பில் வீடியோ தேடத்தான் போகிறார்கள். அங்கே ஒரு குழி இருக்கிறது. அதற்கு 2 மணித்தியாலமாவது ஒதுக்குங்கள்.

தமிழில் கிடைக்கும் விஞ்ஞான, கணித வீடியோக்களில் பெரும்பங்கு தமிழ்நாட்டுப் பாடநூலை வைத்துச் செய்தவை. எங்கள் பாடநூலின் கலைச்சொல் வேறு. ஒட்சிசன் அங்கே ஆக்சிஜன், கலம் செல், இழையம் திசு, ஒளித்தொகுப்பு ஒளிச்சேர்க்கை, அமுக்கம் அழுத்தம், ஆர்முடுகல் முடுக்கம், முக்கோணி முக்கோணம், இரசாயனவியல் வேதியியல். இவை வேறு சொல் என்று பிள்ளைக்குக் காதிலேயே தெரியும், கேட்டுத் தெளிந்துகொள்ளும். ஆபத்தானது ஒரே சொல் வேறு பொருளில் வருவது. எங்களுக்குத் தூரத்தை நேரத்தால் பிரித்தால் கதி, இடப்பெயர்ச்சியை நேரத்தால் பிரித்தால் வேகம். அங்கே முதலாவதுதான் வேகம், இரண்டாவது திசைவேகம். தரம் 10 பிள்ளை அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு "வேகம் என்றால் தூரத்தின் கீழ் நேரம்" என்று எழுதினால் புள்ளி போய்விடும், எதற்குப் போனது என்றும் விளங்காது.

பயிற்சி இப்படி வையுங்கள். சோடிக்கு ஒரு வீடியோ. பாடநூலின் உரிய அலகைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் இருந்து பி.டி.எப். ஆக முன்கூட்டியே இறக்கி 12 கணினியிலும் போட்டு வையுங்கள், இலவசம்தான். வீடியோவில் வரும் ஒவ்வொரு கலைச்சொல்லையும் நிமிடத்தோடு எழுதி எதிரே பாடநூற் சொல்லை எழுத வேண்டும். பொருள் மோதும் சொல்லுக்குச் சிவப்புக் கோடு. பிறகு முடிவெடுக்க வேண்டும்: இரண்டு மூன்று சொல் மட்டும் என்றால் போடுவதற்கு முன் கரும்பலகையில் சோடி சோடியாக எழுதி வைத்துவிட்டு அப்படியே போடலாம். அதற்கு மேல் என்றால் ஒலியை நிறுத்திப் படத்தை மட்டும் ஓடவிட்டு ஆசிரியரே சொல்ல வேண்டும். சிவப்புக் கோட்டுச் சொல் ஒன்று வந்தாலும் ஒலியை நிறுத்துவதே நல்லது. பத்து நிமிட வீடியோவில் பாடத்துக்கு வேண்டியது பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடம்தான், ஆசிரியர் குரல் அதற்குத் தாங்கும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் தமிழில் வினாத்தாள் கேட்டாலும் பெரும்பாலும் இதே சொற்கள்தான் வரும். அலகின் கலைச்சொல் பட்டியலை முதலில் ஒட்டிவிட்டு "இந்தச் சொற்களை மட்டும் பயன்படுத்து" என்று கேட்டால் குறையும், ஆனால் முற்றாக நிற்காது. விடைகளை ஆசிரிய மாணவர் தானே செய்து பார்க்காமல் ஒரு கேள்வியும் பிள்ளையிடம் போகக் கூடாது.

அடுத்தது எழுத்துரு. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்பு போனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். காரணம், அந்தக் கோப்புக்குள் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துத்தான். அதற்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுவது அந்த எழுத்துரு. எழுத்துரு இல்லாத கருவியில் சட்டை கழன்றுவிடும். பாடசாலை லப்டொப்பில் பவர்பொயின்ற் திறந்து எல்லாம் குழம்பித் தெரிவதும் இதனால்தான். பாமினிப் பழக்கம் உள்ளவரின் விரலை மாற்ற வேண்டியதில்லை: என்.எச்.எம். ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் பாமினி விசைப்பலகையைத் தெரிவு செய்தால் அதே விரலில் ஒருங்குறி (யூனிகோட், எல்லாக் கருவியிலும் தெரியும் எழுத்து) வரும். புதிதாகப் பழகுபவருக்கு ரெங்கநாதன் விசைப்பலகையைக் கொடுங்கள், இலங்கைத் தரநிலை எஸ்.எல்.எஸ். 1326 அதைத்தான் அடிப்படையாகக் கொண்டது. பழைய பாமினி வினாத்தாள்களை மாற்றியில் போட்டு ஒருங்குறியாக்கலாம், ஆனால் கணிதக் குறியும் ஆங்கிலச் சொல்லும் கலந்த வரிகள் உடைந்துவிடும். அவற்றைக் கண்ணால் பார்த்துத் திருத்தியே ஆக வேண்டும். பிறிண்டுக்கு மட்டும் போகிற தாளென்றால் பி.டி.எப். ஆக்கினால் போதும், எழுத்துரு உள்ளேயே போய்விடும்.

மடுவீதி

கனகராயன் சேர், மல்டிமீடியாவைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்ல. அரைச்சுவர் வகுப்பறையில காலம 10 மணிக்குப் படம் வெளிறிப்போகும். எல்லாரும் சுவர் முழுக்கப் படம் வர வேணும் எண்டு மிசினைப் பின்னுக்குத் தள்ளுவினம். அதுதான் பிழை. படத்தின்ர அகலத்தைப் பாதியாக்கினால் பரப்பு நாலில ஒண்டாகும், அதே வெளிச்சம் நாலு மடங்கு செறிவா விழும். 2 மீற்றர் அகலத்தை 1 மீற்றராக்கிப் பிள்ளைகளைக் கிட்ட இருத்துங்கோ. விழுற இடம் மூலைச் சுவரா இருக்க வேணும், வெளிப்பக்கம் பார்த்த சுவரா இருக்கக் கூடாது. வெள்ளைக் கடதாசி ஒட்டினால் போதும், மினுங்கிற றெக்சின் வேண்டாம், நடுவில வெளிச்சப் பொட்டு விழும்.

எழுத்துப் பருமனுக்கு ஒரு அளவு வச்சிருங்கோ. கடைசிப் பிள்ளை 6 மீற்றரில இருந்தால் சுவரில எழுத்து 3 சென்றிமீற்றருக்குக் குறையக் கூடாது. தமிழ் எழுத்துக்கு மேல கீழ கொம்பும் சுழியும் இருக்கிறதால இங்கிலிசு எழுத்தை விடப் பெரிசா வேணும். "ளு", "ழு", "ணு" தூரத்தில ஒண்டாத் தெரியும். அடிக்கோலால அளந்து பார்க்கச் சொல்லுங்கோ. ஒரு சிலைட்டில ஆறு வரிக்கு மேல வைக்க ஏலாது எண்டு அவையே கண்டுபிடிப்பினம். நீங்கள் தடை போடத் தேவையில்ல.

லாம்பு வச்ச மல்டிமீடியா 250, 300 வாற்று இழுக்கும். கரண்ட் திடீரெண்டு போனால் லாம்பு கொதிச்சபடி இருக்க விசிறி நிண்டுவிடும், லாம்பின்ர ஆயுள் அங்கதான் போறது. 650 வி.ஏ. யு.பி.எஸ். ஒண்டு பாடம் நடத்தக் காணாது, ஆனால் ஒழுங்கா நிப்பாட்டி விசிறி ஓடி முடியக் காணும். தூசு வடியைக் கோடையில கிழமைக்கு ஒருக்காக் கழட்டித் தட்ட வேணும். வன்னிச் செம்மண் தூசு அடைச்சால் கொஞ்ச நேரத்தில தானா நிண்டுவிடும், பிறகு பழுது எண்டு அலுமாரிக்க வச்சிடுவினம்.

இன்னொண்டு. பாடக்குறிப்பில மூண்டு வரி கூட எழுதச் சொல்லுங்கோ: இந்தச் சாமான் இல்லாட்டில் இந்தப் பாடத்தில எது நடக்காது? பூட்ட எத்தின நிமிசம்? கரண்ட் போனால் எது? 40 நிமிசப் பாடவேளையில பூட்டிக் கழட்ட 12 நிமிசம் போனால் மிச்சம் 28. முதல் வரிக்கு விடை இல்லாட்டில் அண்டைக்கு அந்தச் சாமானை எடுக்கவே கூடாது. பயறு முளைக்கிறதைக் காட்ட வீடியோ தேவையில்ல, ஈரத் துணியில கட்டி வச்சால் அடுத்தநாள் முளை தெரியும். ஆழம் கூட அமுக்கம் கூடும் எண்டதுக்கு ஒரு போத்தலில மூண்டு உயரத்தில துளை போட்டுத் தண்ணி விட்டால் காணும். குளக்கட்டு ஏன் அடியில அகலம் எண்டும் அதிலயே கேக்கலாம். கம்பிக்குள்ள மின்னோட்டம் போறது கண்ணுக்குத் தெரியாது. அதுக்குத்தான் கணினி வேணும்.

பாலியாறு

மடுவீதி சொன்ன முதல் வரியை வைத்தே மாதிரிகளையும் முடித்துவிடலாம். ஆய்வாளர்கள் மிஸ்ராவும் கோலரும் 2006இல் எழுதிய டீபேக் சட்டகம் கேட்பதும் அதுதான்: உள்ளடக்கம், அதைப் படிப்பிக்கும் முறை, கருவி, மூன்றும் இந்தப் பாடத்தில் எங்கே ஒன்றை ஒன்று தொடுகின்றன? மூன்று வட்டத்தைக் கீறிப் பெயர் எழுத 10 நிமிடம் போதும். மிச்சம் 50 நிமிடம் தங்கள் பாடக்குறிப்பு ஒன்றை எடுத்து அதில் கருவியை நீக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கணினி 12 இருக்கிறதே, அதில் ஜியோஜீப்ரா கிளாசிக் 5 என்ற கணித மென்பொருளைப் போட்டால் இணையம் இல்லாமலே ஓடும். சோடியாக இருக்கட்டும், 10 நிமிடத்துக்கு ஒருமுறை மவுஸ் கைமாற வேண்டும், மவுஸ் இல்லாதவர்தான் வாயால் வழி சொல்பவர். ஒரே ஒரு கோப்பு செய்தால் போதும்: முக்கோணியின் உச்சியை இழுத்தால் கோணங்கள் மாறும், கூட்டுத்தொகை 180 பாகையில் நிற்கும். இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். கோணத்தை முழு எண்ணாகக் காட்ட விட்டால் சில நிலையில் பிள்ளை கூட்டும்போது 179 அல்லது 181 வரும், மட்டம் தட்டியதால். தசமதானத்தைக் கூட்டி வைக்க வேண்டும். உச்சியை எதிர்ப்பக்கம் இழுத்தால் உட்கோணத்துக்குப் பதில் 300 பாகை போல வெளிப்பக்கக் கோணத்தைக் காட்டும், கோணத்தின் இயல்பில் 0 முதல் 180 வரை என்பதைத் தெரிவு செய்து வைக்க வேண்டும். இந்த இரண்டும் வகுப்பில் பிள்ளைகளுக்கு முன்னால் நடந்தால் பாடம் குழம்பிவிடும். கல்லூரியில் நடக்கட்டும்.

கனகராயன்

மிகவும் நன்றி. கணக்கைப் போட்டேன்: நுண்கற்பித்தல் 12, வீடியோவும் கலைச்சொல்லும் 2, எழுத்துரு 2, அறையும் மல்டிமீடியாவும் 2, சட்டகம் 1, ஜியோஜீப்ரா 3. மொத்தம் 22, எட்டு மணித்தியாலம் மிச்சம் இருக்கிறது.

இரண்டு விசயம் இன்னும் தெளிவில்லை. இணையம் இல்லாத பாடசாலையில் பிள்ளைகளின் போனுக்கோ பாடசாலை ரப்புக்கோ (டேப்லெட்) பாடத்தை எப்படிக் கொடுப்பது? பல்தர வகுப்பில் இதெல்லாம் எப்படி?

முத்தையன்கட்டு

முதல் கேள்விக்கு: கொலிப்ரி என்ற, இணையம் இல்லாமலே பாடம் பகிரும் மென்பொருள். இலவசம், விண்டோசிலும் ஓடும், ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினியிலும் ஓடும். ஒரு கணினியில் பாடங்களை ஏற்றி வைத்தால் அதே வைபையில் உள்ள போன்கள் உலாவியால் திறந்து பார்க்கலாம், டேட்டா போகாது. உங்களுடைய சொந்த வீடியோ, பி.டி.எப்., வினாக்களை இணையத்தில் உள்ள கொலிப்ரி ஸ்டுடியோவில் ஒருமுறை ஏற்றி அலைவரிசையாக வெளியிட வேண்டும். பிறகு இணையம் உள்ள இடத்தில் ஒரு கணினிக்கு இறக்கி, அங்கிருந்து பென்டிரைவுக்கு ஏற்றுமதி செய்து, பாடசாலைக் கணினியில் இறக்குமதி செய்யலாம். இந்தப் படிகள் எல்லாவற்றையும் ஆசிரிய மாணவர் தானே ஒருமுறை செய்து பார்க்க 2 மணித்தியாலம் போதும்.

வீடியோவைச் சுருக்காமல் ஏற்றாதீர்கள். ஹான்ட்பிரேக் என்ற வீடியோ சுருக்கும் மென்பொருளில் 480 உயரம், செக்கனுக்கு 600 கிலோபிற் அளவில் வைத்தால் 10 நிமிடம் 45 எம்.பி. கரும்பலகை எழுத்து வாசிக்கக்கூடியதாகவே இருக்கும். 30 போன் ஒரே நேரத்தில் பார்த்தால் 18 மெகாபிற். சாதாரண 2.4 கிகா ஹேர்ட்ஸ் ரவுட்டர் அதைத் தாங்கும், சுருக்காததைத் தாங்காது. போன் ஹொட்ஸ்பொட்டையும் ராஸ்பெரி பையின் சொந்த வைபையையும் நம்பாதீர்கள், பத்துப் பதினைந்து பேருக்கு மேல் தடுமாறும். பழைய ரவுட்டர் ஒன்றை, சிம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வயரால் கணினியோடு பொருத்துங்கள்.

வேலை செய்யாமல் போகும் காரணங்கள், வரும் வரிசையில்:

போனில் மொபைல் டேட்டா ஓன். இந்த வைபையில் இணையம் இல்லை என்று கண்டவுடன் அன்ட்ரொய்ட் டேட்டாவுக்குத் தாவிவிடும், பக்கம் திறக்காது. டேட்டாவை ஓவ் பண்ணி, "இணைந்தே இருக்கவா" என்று கேட்டால் ஓம் கொடுக்க வேண்டும்.

விண்டோஸ் அந்த வைபையைப் பொது வலையமைப்பு என்று எடுத்திருக்கும், தீச்சுவர் மறிக்கும். தனியார் வலையமைப்பாக மாற்றுங்கள்.

முகவரியின் கடைசியில் 8080 விட்டுப்போயிருக்கும். 192.168.1.10:8080 போல முழுதாகக் கரும்பலகையில் எழுதுங்கள். கணினியின் முகவரியை ரவுட்டரில் நிலையாகக் கட்டி வைக்காவிட்டால் நாளைக்கு வேறு எண் வரும்.

லப்டொப் மூடியவுடன் தூங்கிவிடும். மின் அமைப்பில் மாற்றி வையுங்கள்.

கரண்ட் இல்லாத நாளுக்கு ராஸ்பெரி பை நல்லது. 5 வாற்று அளவுதான் எடுக்கும். 20,000 மில்லியம்பியர் மணிப் பவர்பாங்கில் 3.7 வோல்ற்றுப்படி 74 வாற்று மணி, இழப்புப் போக 60 என்று வையுங்கள். காலை 7.30இல் இருந்து 1.30 வரை தாராளம். ஆனால் பை 4க்கு 5 வோல்ற்று 3 அம்பியர் தரும் பவர்பாங்காக இருக்க வேண்டும், குறைந்தால் நடுவில் தானாக மீளத் தொடங்கும். ரவுட்டருக்குத் தனி மின்சாரம் வேண்டும். அடியில் உள்ள லேபலில் 5, 9, 12 எது என்று பார்த்தே பொருத்துங்கள். ஒழுங்காக நிறுத்தாமல் வயரைப் பிடுங்கினால் மெமரி கார்ட் கெட்டுவிடும், அதற்காக எப்போதும் ஒரு பிரதிக் கார்ட் செய்து வையுங்கள்.

மடுவீதி

முத்தையன்கட்டு சொன்னது சரி, ஆனால் கட்டுறு பயிலுநர் ஒருத்தர் ஒரு வருசத்துக்குப் போற இடத்தில சேர்வர் பூட்டிவிட்டு வந்தால் அடுத்த வருசம் அதைப் பார்க்க ஆள் வேணும். அங்க நிரந்தரமா இருக்கிற ஒரு ஆசிரியரை முதல் நாளே கூட வச்சுச் செய்யாட்டில் பூட்டாதேங்கோ. ஒரு பக்கத்தில பிறிண்ட் எடுத்துப் பெட்டி மூடிக்குள்ள ஒட்டி விடவும் வேணும்: எப்பிடி ஓன் பண்ணுறது, முகவரி என்ன, எப்பிடி நிப்பாட்டுறது.

பாலியாறு

பல்தர வகுப்புக்குத் திரையை விட ஒலி நல்லது. திரை எல்லாத் தரத்தின் கண்ணையும் இழுக்கும். தரம் 3 பார்க்க வேண்டியதைத் தரம் 5ம் பார்க்கும், இரண்டும் தன் வேலையை விடும். ஒரு தரத்துக்கு ஒலிப்பாடம், விறாந்தையில் சின்ன ஸ்பீக்கரோடு. மற்றத் தரத்தோடு ஆசிரியர்.

ஒலிப்பாடம் 12 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நிமிடத்துக்கு 80 சொல்லளவில் நிதானமாக வாசிக்க வேண்டும். கேள்வி கேட்டபின் 10 செக்கன் உண்மையான மௌனம் விட வேண்டும், "எழுது" என்றால் 40 செக்கன். பதிவு செய்பவர் பொறுமையில்லாமல் இதைச் சுருக்குவார், கடிகாரம் பார்த்தே செய்ய வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும், நாலைந்து கட்டம், படத்தோடு. காது கேட்கும், கை செய்யும். தாள் இல்லாத ஒலிப்பாடத்தில் நாலாம் நிமிடம் பிள்ளை எழும்பிவிடும். குழுத் தலைவராக ஒரு பிள்ளைக்கு நிறுத்தும் பட்டனைக் காட்டிக் கொடுங்கள்.

உங்களுடைய மிச்ச எட்டில் நாலை இதற்குக் கொடுக்கலாம்: 1 எழுத, 1 பதிவு செய்ய, 2 ஒரே நேரத்தில் இரண்டு தரம் என்று நடித்துப் பார்க்க. மற்ற நாலு கொலிப்ரிக்கு. தகரக் கூரைக்குக் கீழ் மழைக்குள் பதிவு செய்ய முடியாது, மார்கழி வரைக்கும் தள்ளிப் போடாதீர்கள். விசிறியை நிறுத்தி, போனை வாயில் இருந்து 15 அல்லது 20 சென்றிமீற்றரில், கொஞ்சம் பக்கவாட்டில் பிடித்தால் "ப", "ப்ப" வெடிக்காது.

பாடசாலையில் உண்மையான வகுப்பைப் பதிவு செய்வதென்றால் அதிபரின் அனுமதி எழுத்தில் வேண்டும். போன் வகுப்பின் பின்பக்கத்தில் இருந்து ஆசிரியரைப் பார்க்க வேண்டும். பிள்ளைகளின் முதுகு மட்டும் தெரியலாம். பார்த்து முடிந்த கிழமையே அழித்துவிட வேண்டும். இதைப் பாடத் தொகுதியின் முதல் நாளிலேயே சொல்லுங்கள்.

கனகராயன்

வெளி மைக் ஒன்று வாங்கினோம், போன் அதை எடுக்கவில்லை. சட்டையில் குத்தும் வகை. பழுதா?

முத்தையன்கட்டு

பிளக்கைப் பாருங்கள். கறுப்பு வளையம் இரண்டு இருந்தால் அது கமராவுக்கும் கணினிக்கும் உரியது. போனுக்கு மூன்று வளையம் வேண்டும். இரண்டு வளையத்தை மூன்றாக்கும் சின்னக் கொனெக்டர் கடையில் கிடைக்கும், மைக்கை மாற்றத் தேவையில்லை. மூன்று இருந்தும் எடுக்காவிட்டால் போனின் உறையைக் கழற்றிப் பாருங்கள், பிளக் முழுதாக உள்ளே போயிருக்காது.